கரண்ட் போனால் நிற்கும் அருவி

பொன்செல்வி டிஃபன் பாக்ஸை மேசைமேல் வைத்தபோது, அது வழக்கு சம்பந்தப்பட்டது என்று ஆசிப்புக்குத் தோன்றவில்லை. மத்தியானச் சாப்பாடு என்றுதான் தோன்றியது. பசி வேளை வேறு. கை தானாக மூடிப்பக்கம் போனது.

"ஏலே, கையை எடு" என்றாள் அகிலாண்டேஸ்வரி.

"இருக்கட்டும்க்கா, தின்னட்டும்" என்றாள் பொன்செல்வி. "நீங்களாவது தின்னுங்க தம்பி. புளியோதரைதான். அரளி கிரளி ஒண்ணும் கலக்கலை."

ஆசிப்பின் கை பாதியில் நின்றது. நின்றதற்காக அவன் வெட்கப்பட்டான். வெட்கப்பட்டானே தவிர, கை மேற்கொண்டு நகரவில்லை.

தென்காசியில் இப்போதெல்லாம் பொன்செல்வி சமைத்ததைப் பார்த்து யார் கை நின்றாலும் அதற்குக் காரணம் ஒருத்தன். பெயர் ஜோயல். எஞ்சினியரிங் முடித்துவிட்டு, அப்பாவின் உரக்கடை மாடியில் சுவரெல்லாம் முட்டை அட்டை ஒட்டி, அதற்கு ஸ்டுடியோ என்று பெயர் வைத்தவன். அங்கிருந்து 'சாரலில் ஒரு சவம்' என்று ஒரு பாட்காஸ்ட் நடத்துகிறான். கொலைக்கதை கேட்டுக்கொண்டே பாத்திரம் துலக்குகிற, பஸ்ஸில் தூங்குகிற, நடைப்பயிற்சி போகிற சனங்களுக்காக நடத்தப்படுவது. முதலில் வடநாட்டுக் கொலைகளைச் சொல்லிப் பார்த்தான். அவன் அம்மாவைத் தவிர யாரும் கேட்கவில்லை. சொந்த ஊரில் ஒரு பிணம் இருந்தால் நல்லது என்று தேடினான். தேவா கிடைத்தான்.

தேவா, பொன்செல்வியின் புருஷன். பாவூர்சத்திரம் சந்தையிலிருந்து மலைக்கு அந்தப் பக்கம் காய்கறி ஏற்றிப் போன டெம்போ டிரைவர். மகள் பிரியா சின்னப்பிள்ளையாக இருந்தபோது, ஓர் ஆடி மாசம், பழைய குற்றாலத்தில் வெள்ளம் வந்த அன்று, அவன் சட்டையும் செருப்பும் டெம்போச் சாவியும் பாறையில் கிடந்தன. ஆளைக் காணோம். ஆற்றோடு தேடினார்கள், கிடைக்கவில்லை. வழுக்கி விழுந்திருப்பான், வெள்ளம் கொண்டுபோயிருக்கும் என்று போலீஸ் கணக்கை முடித்தது. பொன்செல்வி தாலியைக் கழற்றி வைத்துவிட்டு பஸ் ஸ்டாண்டு பக்கம் இட்லிக்கடை போட்டாள். பிரியாவை ப்ளஸ் டூ வரைக்கும் படிக்கவும் வைத்துவிட்டாள்.

வழுக்கி விழுந்தவனை வைத்து எத்தனை பாகம் ஓட்ட முடியும்? ஜோயல் அதைக் கொலை ஆக்கினான். கொலைகாரி வேண்டுமே, பெண்டாட்டி இருக்கவே இருக்கிறாள். சித்திரை மாசம் பூராவும் வாரம் ஒரு பாகமாகப் பொன்செல்வியைத் தூக்கில் போட்டான். இப்போது அவள் கடைக்கு இட்லி தின்ன யாரும் வருவதில்லை. ஃபோனைத் தூக்கிக்கொண்டு பயல்கள் வருகிறார்கள். 'அரளி இட்லி சேலஞ்ச்' என்று ஒன்று. ஒரு விள்ளல் வாயில் வைத்து, நெஞ்சைப் பிடித்து, பெஞ்சில் சாய்ந்து, வீடியோ எடுத்துக்கொண்டு, மிச்ச இட்லியை இலையிலேயே விட்டுவிட்டுப் போகிறார்கள்.

"கடை போனாப் போவுதுக்கா" என்றாள் பொன்செல்வி. "எங்கயாவது பாத்திரம் கழுவிக்கூடப் பொழைச்சிக்கிடுவேன். எம் மவ எங்கையால சாப்பிட மாட்டேங்கா. இந்தா, காலையில டைப்ரைட்டிங் கிளாஸுக்குக் கட்டிக் குடுத்தேன், எடுக்காமலே போயிட்டா. கடையில சீல் வச்ச பிஸ்கட்டா வாங்கித் திங்கா. அதையும் நாலு பக்கமும் திருப்பிப் பாத்துட்டுத்தான் பிரிக்கா. 'ஏன்ட்டி இப்படி'ன்னா, 'பசிக்கலைம்மா'ங்கா. நீதான் கொன்னியான்னு வாயைத் திறந்து கேட்டாக்கூட நாலு அறை விட்டுச் சொல்லுவேன். கேக்கவும் மாட்டேங்கா."

சொல்லும்போது அவள் அழவில்லை. டிஃபன் பாக்ஸின் மூடியை மட்டும் அழுத்தி அழுத்தி மூடிக்கொண்டிருந்தாள்.

அகிலாண்டேஸ்வரி காதில் இயர்ஃபோனைச் செருகினாள். டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். ஊரார் பேச்சைக் கேட்டுக் கேட்டே காதைத் தீட்டி வைத்திருப்பவள். ஓய்வுக்குப் பிறகு ரத வீதியில் ஒரு பாத்திரக்கடை மாடியில் விசாரணை நிலையம் திறந்தாள். பெரும்பாலும் மாப்பிள்ளை விசாரிப்புதான். மாப்பிள்ளை குடிப்பானா என்று விசாரிக்க அனுப்பப்படும் உதவியாளன் ஆசிப், அந்த விசாரணையில் எத்தனையோ டீக்கடைகளில் டீ குடித்தே வயிற்றைக் கெடுத்துக்கொண்டவன்.

"பொன்செல்விக்கு விழுந்த பெரிய அடி எந்த இடம்?"

"அஞ்சாம் பாகம்க்கா. கண்ணால பாத்த சாட்சின்னு ஒருத்தன் பேசுவான்" என்றான் ஆசிப். ஊரோடு சேர்ந்து அவனும் எல்லாப் பாகத்தையும் கேட்டிருந்தான். அதை பொன்செல்வி முன்னால் சொல்லிக்கொள்ளாமல் ஃபோனை ஸ்பீக்கரில் போட்டான்.

முதலில் சோக வயலின். பின்னால் அருவி கொட்டும் சத்தம். அப்புறம், ஆள் தெரியாமல் இருக்கக் கரகரப்பாக்கிய ஒரு குரல்.

'நான் எதிர்ப் பாறையில நின்னு பாத்துக்கிட்டு இருந்தேன். அந்தப் பொம்பள தூக்குச்சட்டியில கொழுக்கட்டை கொண்டு வந்தா. புருஷனுக்கு ஊட்டினா. உப்பே இல்லாத கொழுக்கட்டை. வெறும் பச்சரிசி மாவும் தேங்காயும். அதைத் தின்னதும் அவன் தள்ளாடினான். அப்படியே தண்ணிக்குள்ள போயிட்டான்.'

அருவிச் சத்தம் சட்டென்று நின்றது. எங்கோ ஒரு குருவி கத்தியது. பிறகு ஜோயலின் குரல், பாதாளத்திலிருந்து வருகிற மாதிரித் தணிந்து வந்தது.

'நேயர்களே, அந்தக் கொடுமையைக் கேட்டு அருவியே ஒரு கணம் மௌனித்தது. உப்பு ஏன் இல்லை? அரளியின் கசப்பை மறைக்கவா? யோசித்துக்கொண்டே இருங்கள். இந்தப் பாகத்தை உங்களுக்கு வழங்குவது தாய்க்கை மசாலா. அம்மா கையை நம்புங்கள்.'

"கசப்பை மறைக்கணும்னா உப்பைக் கூடல்லா போடுவாவ" என்றாள் அகிலாண்டேஸ்வரி. "இந்தப் பய ஒரு ரசம் வச்சிருப்பானா? சரி, அந்த மௌனத்தைத் திருப்பிப் போடு."

திருப்பிப் போட்டான். கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள். இன்னொரு தடவை போடச் சொன்னாள்.

"ஏலே ஆசிப். அருவியை எவம்லே ஆஃப் பண்ணினான்?"

ஆசிப் யோசித்தான். "வெள்ளம் வந்தா குளிக்கத் தடை போடுவாவ. தண்ணி விழத் தடை போட்டு நான் பாத்ததில்லைக்கா."

"குருவி கத்தின பெறவு தூரத்துல டபடபன்னு ஒரு சத்தம். அது ஜெனரேட்டர். அதுக்குப் பெறவு அருவி திரும்ப விழுது. இது கரண்டுல ஓடுற அருவி."

சொல்லிக்கொண்டே பொன்செல்வியைப் பார்த்தவள் நிறுத்தினாள். பொன்செல்வியின் முகத்தில் ரத்தம் இல்லை. இத்தனை நாள் ஊரே கேட்ட அந்த ஐந்தாம் பாகத்தை அவள் ஒருத்திதான் கேட்காமல் இருந்திருக்கிறாள். இன்றுதான் முதல் தடவை.

"உப்பில்லாத கொழுக்கட்டைன்னா சொல்லுதான்?" என்றாள் மெல்ல.

அகிலாண்டேஸ்வரி ஆசிப்பிடம் திரும்பினாள். "மூணு டீ வாங்கிட்டு வா."

"இப்பதானேக்கா குடிச்சோம்."

"அப்ப பஜ்ஜி வாங்கிட்டு வா. மெதுவா வா."

அவன் பஜ்ஜியோடு வந்தபோது கதவு உள்பக்கம் தாழ் போட்டிருந்தது. குசுகுசுவென்று பேச்சு. கதவு திறந்ததும் பார்த்தால் பொன்செல்வி கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள். அகிலாண்டேஸ்வரி கைப்பையை எடுத்து மாட்டியிருந்தாள்.

"என்னக்கா சமாச்சாரம்?"

"பொம்பளைங்க சமாச்சாரம். ஒனக்கு வேண்டாம்."

"நான் இந்த ஆபீஸ்லதான வேலை பாக்கேன்?"

"வேலை பாரு, யாரு வேண்டாம்னா? இந்தக் கேஸுக்கே சாவி அதுதான், ஆனா ஒங்கிட்ட இப்ப சொல்ல முடியாது. பொன்செல்வி, டப்பா எங்கிட்ட இருக்கட்டும். ஒம் மவளை நான் கிளாஸ்லயிருந்து கூட்டிட்டுப் போறேன், சாயங்காலம் கொண்டாந்து விடுதேன். நீ போய் கடையைத் திற."

*

ஸ்டுடியோவில் காற்று நுழைய வழியில்லை. உரமூட்டை வாசனைக்கு மட்டும் எப்படியோ வழி கிடைத்திருந்தது. ஜோயல் பாட்காஸ்ட் குரலில் வரவேற்றான்.

"சோர்ஸை நான் வெளியில சொல்ல முடியாது மேடம். அது பத்திரிகை தர்மம்."

"கொலைக்கு நடுவுல மசாலா விக்கது எந்த தர்மம்?" என்றான் ஆசிப்.

"அது ஸ்பான்சர்."

"தம்பி" என்றாள் அகிலாண்டேஸ்வரி, பெண் பார்க்கப் போன வீட்டில் பேசுகிற குரலில். "சாட்சி பேசுனதை எங்கன வச்சுப் பதிவு பண்ணின?"

"சம்பவம் நடந்த இடத்துலயே மேடம். பழைய குற்றாலம். அருவி பக்கத்துல. லைவ்."

"எப்போ?"

"பங்குனிக் கடைசி."

"பங்குனியில அங்க தண்ணி ஏது? பாறைதான் காஞ்சு கெடக்கும். இந்த ஊர்லதான பொறந்த?"

ஜோயலின் பாட்காஸ்ட் குரல் அத்தோடு போனது. மிச்சமிருந்தது உரக்கடைக்காரர் மகனின் குரல். "ஒரு ரிசார்ட்டுல எடுத்தது. அந்த அண்ணாச்சி அங்கன வேலை பாக்காரு. ஆனா பேரு, ஊரு எதையும் சொல்ல மாட்டேன். என் கழுத்தை அறுத்தாலும் சொல்ல மாட்டேன்."

"கழுத்து எதுக்கு?" என்ற ஆசிப் ஃபோனை எடுத்தான். ஐந்தாம் பாகத்தைக் கடைசிக்கு ஓட்டினான். ஊரில் ஒருத்தனும் கேட்காத கடைசி. கொலைகாரி யார் என்று தெரிந்ததும் எல்லாரும் நிறுத்திவிடுகிற இடத்துக்கும் அப்பால், ஜோயல் அவசரம் அவசரமாக நன்றி சொல்லிக்கொண்டிருந்தான். 'தங்க இடமும் மீன் பொரியலும் தந்து உதவிய ஆரியங்காவு மேகக்கூடு ரிசார்ட்டுக்கு நன்றி. எங்கள் பெயரைச் சொன்னால் ரூம் வாடகையில் தள்ளுபடி உண்டு.'

ஜோயல் சுவரில் உரிந்திருந்த ஒரு முட்டை அட்டையை அழுத்தி ஒட்டினான்.

"ஓசி ரூமுக்கு நன்றி சொல்லணும்லா" என்றான் ஜோயல், யாரையும் பார்க்காமல்.

"சொல்லணும், சொல்லணும். தர்மம்லா" என்றான் ஆசிப்.

"நானும் வருவேன். நீங்க என் சோர்ஸை மிரட்டக் கூடாது" என்று மைக்கை எடுத்துக்கொண்டு ஜோயலும் புறப்பட்டான். அகிலாண்டேஸ்வரி தடுக்கவில்லை. அவன் வருவதைத்தான் அவள் எதிர்பார்த்தாள் என்பது ஆசிப்புக்கு அப்புறம்தான் புரிந்தது.

*

டைப்ரைட்டிங் கிளாஸ் வாசலில் பிரியா ஏறினாள். ஒல்லியான பெண். கையில் பிரிக்காத பிஸ்கட் பாக்கெட். பின்சீட்டில் அம்மா கட்டிய டிஃபன் பாக்ஸ் இருந்தது; அதைத் தொடாமல் தள்ளி உட்கார்ந்தாள். முன்சீட்டில் ஜோயலைப் பார்த்ததும் இறங்கப் போனாள்.

"இரு பிள்ள" என்றாள் அகிலாண்டேஸ்வரி. "ஒங்கம்மாவைப் பத்தி இவன் சொன்னதை ஒரு மாசமாக் கேட்டுட்ட. இவனுக்குச் சொன்னவனை ஒரு தடவை நேர்ல பாத்துரு. அதுக்குப் பெறவு ஒனக்கு எப்படித் தோணுதோ அப்படி இரு."

பிரியா கதவை மூடிக்கொண்டாள். செங்கோட்டை தாண்டி, புளியரையில் கேரள எல்லைச் சோதனைச் சாவடி தாண்டி, வண்டி மலைப்பாதை ஏறியது. பிறகு, யாரும் கேட்காமலே சொன்னாள்.

"நான் நம்பலை ஆன்ட்டி. அம்மா அப்படிச் செய்ய மாட்டா. எனக்குத் தெரியும். ஆனா சோத்தைப் பிசைஞ்சு வாய்கிட்ட கொண்டு போனா, இந்த அண்ணனோட குரல் கேக்குது. தொண்டைக்குள்ள இறங்க மாட்டேங்கு."

ஓட்டிக்கொண்டிருந்த ஆசிப்புக்கு அந்தக் கணம் ஜோயலை வண்டியிலிருந்து தள்ளிவிட வேண்டும் போல இருந்தது. வளைவு கூடின பாதை என்பதால் கையை எடுக்கவில்லை. ஜோயல் மைக்கின் வயரைச் சுற்றுவதும் பிரிப்பதுமாக இருந்தான்.

மேகக்கூடு ரிசார்ட்டில் மேகமும் இல்லை, கூடும் இல்லை. சிமெண்டுப் பாறை இருந்தது. அதற்குப் பச்சைப் பெயிண்ட். பக்கத்தில் சிமெண்டு மான் ஒன்று, ஒரு கொம்பு உடைந்து நின்றது. சீசனுக்கு முன்னால் வந்து ஏமாறுகிற ஆட்களுக்காக மோட்டார் போட்டு ஓட்டுகிற அருவி அது. இப்போது நிறுத்தி வைத்திருந்தார்கள்.

"குளிக்கணும்" என்றான் ஆசிப், தோளில் துண்டைப் போட்டுக்கொண்டு.

"பாஸ்கரேட்டன் வந்தாத்தான் அருவி போட முடியும்" என்றான் மேனேஜர்.

மோட்டார் ரூமிலிருந்து பாஸ்கரேட்டன் வந்தான். நெஞ்சு வரை தாடி, மடித்துக் கட்டிய வேட்டி. ஜோயலைக் கண்டதும் முகம் மலர்ந்தது. அந்த மலர்ச்சி போதும், இவன்தான் சாட்சி என்று அறிய.

அகிலாண்டேஸ்வரி கையைக் கூப்பினாள். "அண்ணாச்சி, தென்காசியில ஒங்க பேச்சைக் கேக்காத ஆள் இல்லை. கரகரப்பாக்கியும் என்ன ஒரு குரல். நேர்லயே ஒரு தடவை கேட்டுட்டுப் போவோம்னு வந்தோம்."

மிரட்டினால் ஓடியிருப்பான். புகழ்ந்ததும் சிமெண்டுப் பாறையில் ஏறி உட்கார்ந்தான். எத்தனை பேர் கேட்டார்கள், கேட்டுவிட்டு என்ன சொன்னார்கள் என்று விசாரித்தான். தொண்டையைச் செருமிக்கொண்டு ஆரம்பித்தான். பழைய குற்றாலம், வெள்ளம், எதிர்ப் பாறை, தூக்கு, கொழுக்கட்டை. கதை போன தடவையைவிட நன்றாகவே வளர்ந்திருந்தது. இந்தத் தடவை தேவா தண்ணீரில் முழுகும் முன் கையைத் தூக்கி, "பாவி" என்று ஒரு வார்த்தையும் சொன்னான்.

"எல்லாஞ் சரி அண்ணாச்சி" என்றாள் அகிலாண்டேஸ்வரி. "ஒண்ணே ஒண்ணு இடிக்குது. அந்தப் பொம்பள, அது வெல்லக் கொழுக்கட்டைன்னு சாதிக்கா. இனிப்பு பத்தலைன்னு வேணும்னா சொல்லலாமாம்."

"வெல்லமா?" பாஸ்கரேட்டனுக்குக் கோபமே வந்துவிட்டது. "சுத்தப் பொய். இனிப்பும் கிடையாது, உப்பும் கிடையாது. ஒரு கடி கடிச்சுட்டுத் துப்ப வேண்டியதாப் போச்சு."

"யாருக்கு?"

அவன் கை தாடிக்குப் போனது.

"எதிர்ப் பாறையில நின்னவருக்கு நாக்கு கொழுக்கட்டை வரைக்கும் எப்படி நீண்டுச்சு?" என்றாள் அகிலாண்டேஸ்வரி. குரலில் இப்போது கல்யாண வீட்டுக் குழைவு இல்லை. "ஏலே ஆசிப், ஆபீஸ்ல ஒனக்குச் சொல்லலைன்னு மூஞ்சியைத் தூக்கினியே, இப்ப கேட்டுக்கோ. ஆடிச் செவ்வாயில எங்க பக்கம் பொம்பளைங்க ஒரு நோன்பு கும்பிடுவோம். ஆம்பளை வாசனையே ஆகாது. பச்சைப்பிள்ளையா இருந்தாலும் ஆணுன்னா அடுத்த வீட்டுக்குப் போயிரணும். அதுக்கு அவிக்கிற கொழுக்கட்டைக்கு உப்புப் போடக் கூடாது. அதை ஆம்பளை பாக்கக் கூடாது, திங்கவே கூடாது. விடியுறதுக்குள்ள நாங்களே தின்னு முடிச்சிருவோம். அப்படி ஒண்ணு இருக்குன்னு ஆம்பளைங்களுக்குத் தெரியும். அது என்ன ருசின்னு ஒருத்தனுக்கும் தெரியாது."

ஜோயல், "எங்க வீட்டுல இதெல்லாம்" என்று ஆரம்பித்தான்.

"ஒங்க வீட்டுல கிடையாது. இவன் வீட்டுலயும் கிடையாது. ஆனா கேட்டிருந்தா அடுத்த தெருவுல எந்தப் பொம்பளையும் ஒனக்குச் சொல்லியிருப்பா. நீ அரளியை யோசிச்ச." அவள் மீண்டும் பாறையைப் பார்த்தாள். "அன்னிக்கு பொன்செல்வி அசந்து தூங்கிட்டா. சட்டியில ஒண்ணு மிச்சம் இருந்துருக்கு. காலையில அவ புருஷன் எடுத்து ஒரு கடி கடிச்சுட்டு, 'உப்புக்கூட இல்லாம என்ன எழவு'ன்னு அவ முன்னாலயே துப்பினான். சண்டை. வண்டியை எடுத்துட்டுப் போனவன் திரும்பலை. நோன்புக் கொழுக்கட்டையை ஆம்பளை தின்னதாலதான் சாவு வந்துட்டுன்னு அவ இத்தனை வருஷமா மனசுக்குள்ளயே வச்சுப் புழுங்கிட்டிருக்கா. அவளைப் பெத்தவகிட்டக்கூடச் சொன்னதில்லை. கொழுக்கட்டை அருவிப் பக்கமே போகலை. அதைக் கடிச்ச வாய் உலகத்துலயே ஒண்ணுதான்."

பிரியா முன்னால் வந்தாள். பாறையில் இருந்தவனைப் பார்த்தபடி, தன் உள்ளங்கையை நீட்டி அவன் தாடி தெரியாதபடி மறைத்துக்கொண்டு பார்த்தாள்.

"எங்க வீட்டுச் சுவத்துல இருக்கிற போட்டோ" என்றாள்.

மாலையும் சிவப்பு பல்பும்தான் பாக்கி என்று ஆசிப்புக்கு நாக்கு நுனி வரை வந்தது. பிரியாவின் முகத்தைப் பார்த்துவிட்டு விழுங்கிக்கொண்டான்.

தேவா பாறையிலிருந்து இறங்கவில்லை. வேட்டியை இறக்கிவிட்டுக்கொண்டான். "மோளே" என்றான், மலையாளத்தில்.

"எங்கம்மா ஒங்களை என்ன செஞ்சா?"

"ஒண்ணும் செய்யலை. இந்தப் பக்கம் லோடு இறக்க வந்து போனதுல இங்கன ஒரு குடும்பம் ஆகிப்போச்சு. அங்க வந்து எப்படிச் சொல்ல? வெள்ளம் வந்துச்சு. சட்டையைக் கழட்டிப் போட்டுட்டு வந்துட்டேன்."

"அது சரி. அம்மா கொன்னான்னு ஏன் சொன்னீங்க?"

தேவா ஜோயலைக் கைகாட்டினான். "இந்தப் பையன் மைக்கை வச்சுக்கிட்டு, 'தேவா எப்படிச் செத்தான், ஊரே கேக்கக் காத்திருக்கு'ன்னான். என் கதையை ஊரே கேக்குதுன்னா எப்படி இருக்கும்? வழுக்கி விழுந்து செத்தான்னு சொன்னா நல்லாவா இருக்கு?"

அவன் உண்மையாகவே அதற்குப் பதில் எதிர்பார்த்தான்.

அந்த நேரம் பார்த்து ஜோயல் பிரியாவின் முகத்துக்கு நேரே மைக்கை நீட்டினான். "இந்த நிமிஷம் ஒங்களுக்கு எப்படி இருக்கு?"

ஆசிப் அந்த மைக்கைப் பிடுங்கித் தேவாவின் தாடிக்குள் நுழைத்தான். "அந்தப் பிள்ளைகிட்ட ஏன்லே கேக்க? ஒன்னோட பிணம் இங்கன இருக்கு. இதுகிட்ட கேளு."

"கேளு தம்பி" என்றாள் அகிலாண்டேஸ்வரி. "பேரு, ஊரு, பொண்டாட்டி பேரு, எல்லாம். கரகரப்பாக்காம, வயலின் போடாம, இன்னிக்கே போடணும். போலீஸுக்கு நாளைக்குப் போவேன். நீ போட்டியா இல்லையாங்கிறதைப் பொறுத்து, ஒன் பேரை எப்படிச் சொல்லணும்னு முடிவு பண்ணுதேன்."

"அப்ப கொலை?" என்றான் ஜோயல் பரிதாபமாக. "ஸ்பான்சர் பத்து பாகத்துக்குப் பேசியிருக்கான் மேடம்."

"அதுக்கு நான் என்ன செய்ய? இவன் சாகலையே."

தேவா மைக்கில் பேசினான். முதலில் தயங்கினான். பிறகு பேச்சு சுவாரசியமாகி, சட்டையை எப்படி மடித்து வைத்தான் என்பது வரை விவரமாகச் சொன்னான். மகள் அங்கே இல்லாததை அவன் கவனிக்கவில்லை. பிரியா வண்டிக்குப் போயிருந்தாள். கதவு திறந்து மூடும் சத்தம் கேட்டது. திரும்பி வந்தபோது கையில் காலை டிஃபன் பாக்ஸ் இருந்தது.

சிமெண்டு மானுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து மூடியைத் திறந்தாள். பொன்செல்வி அழுத்தி மூடியிருந்ததால் திறக்கக் கொஞ்சம் மல்லுக்கட்ட வேண்டியிருந்தது. புளியோதரை வாசனை அந்த இடம் முழுக்கப் பரவியது. முதல் கவளத்தை எடுத்து வாய்க்குக் கொண்டுபோனவள் கொஞ்ச நேரம் அப்படியே வைத்திருந்தாள். பிறகு வாயில் போட்டு, மென்று, விழுங்கினாள். இரண்டாவது கவளம் பெரிதாக இருந்தது. அழுகையும் சாப்பாடுமாக, இடது புறங்கையால் மூக்கைத் துடைத்துக்கொண்டே தின்றாள். அகிலாண்டேஸ்வரி தண்ணீர் பாட்டிலைத் திறந்து பக்கத்தில் வைத்தாள்.

தேவா பேசி முடித்துவிட்டு அந்த டப்பாவையே பார்த்தான்.

"ஒங்கம்மா கட்டிக் குடுத்ததா?"

"ஆமா."

"எனக்கு ஒரு வாய் தாயேன் மோளே."

பிரியா நிமிர்ந்தாள்.

"நீங்க செத்துட்டீங்க" என்றாள். "ஒங்களுக்கு ஆடி அமாவாசைக்குத்தான். வருஷா வருஷம் அம்மா காக்காவுக்கு வைக்கா. அதோட போய் சாப்பிட்டுக்கோங்க."

சொல்லிவிட்டு, டப்பாவின் மூலையில் ஒட்டியிருந்ததையும் விரலால் வழித்துத் தின்றாள்.